நிசப்தம் வாங்கப் போனேன்

கோயமுத்தூரில் கையில் பணமிருந்தால் எந்தச் சாமானும் கிடைக்கும். பம்ப் செட்டா, கிரைண்டரா, நூலா, துணியா, மைசூர்பாகா, எது வேண்டும்? அரை நாள் அலைந்தால் போதும், வாங்கிக் கொண்டு வீடு திரும்பி விடலாம். கிடைக்காத சரக்கு ஒன்றே ஒன்றுதான். அதற்குப் பெயர் நிசப்தம்.

இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. 1937-லேயே ஜி. டி. நாயுடுவும் பாலசுந்தரமும் மின்சார மோட்டார் செய்து காட்டிய ஊர் இது. மில், பவுண்டரி, லேத்துப் பட்டறை என்று சுற்றுகிற யந்திரங்களை நம்பியே பிழைக்கிற ஊர். சுற்றுகிற யந்திரம் சத்தம் போடாமல் என்ன செய்யும்? எங்கள் வீடு சிங்காநல்லூரில் இருக்கிறது. பக்கத்து வீட்டு கிரைண்டர், எதிர் வீட்டு போர்வெல் மோட்டார், திருச்சி ரோட்டு பஸ்களின் ஹாரன் எல்லாம் சேர்ந்துதான் எங்களுக்குச் சுப்ரபாதம்.

அப்படிப்பட்ட ஊரில் எழுபதாயிரம் ரூபாய்ச் சீட்டுப் பணத்தை எடுத்துக் கொண்டு நிசப்தம் வாங்கப் புறப்பட்டவள் நான். பழைய வாஷிங் மிஷினை மாற்றவும் ஒரு பீரோ வாங்கவும் வைத்திருந்த பணம் அது. ஏன் புறப்பட்டேன் என்பதை முதலில் சொல்லி விடுகிறேன்.

என் அமுச்சிக்கு, அதாவது அம்மாவைப் பெற்ற பாட்டிக்கு, எழுபத்தொன்பது வயசு. சோமனூர்ப் பக்கம் ஒரு கிராமம். தறிச் சத்தத்துக்கு நடுவிலேயே வாழ்ந்தவள் ஆனபடியால் அவள் குரல் தறியை மீறிக் கேட்கும். கும்மிப் பாட்டு, நலுங்குப் பாட்டு, ஒப்பாரி எல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் எல்லாவற்றிலும் உசத்தி ஒரு தாலாட்டு. அது எந்தப் புஸ்தகத்திலும் இல்லை. என் அம்மா தொட்டிலில் கிடந்த காலத்தில் அமுச்சியின் தாயார் கட்டிய பாட்டு. குழந்தையின் நாலு தாய் மாமன்களும் நாலு ஊரிலிருந்து சீர் கொண்டு வருகிறார்கள். பெரிய மாமன் காங்கயத்திலிருந்து காளைக் கன்று ஓட்டி வருகிறார். இரண்டாவது மாமன் பவானி ஜமக்காளம் சுமந்து வருகிறார். மூன்றாவது மாமன் ஊத்துக்குளி வெண்ணெய் கொண்டு வருகிறார். கொங்கு நாட்டுப் பூகோளத்தைத் தொட்டிலிலேயே சொல்லிக் கொடுத்து விடுகிற பாட்டு!

நாலாவது மாமன்? அங்கேதான் கதை இருக்கிறது.

என் பெண்ணைத் தொட்டிலில் போட்ட அன்று அமுச்சி அந்தப் பாட்டை முழுசாகப் பாடினாள். நான் பத்திரிகைக்காரி ஆயிற்றே, சும்மா இருப்பேனா? என் லேப்டாப்பில் மைக் ஒன்றைச் சொருகி, தொட்டிலுக்குப் பக்கத்திலேயே வைத்துப் பதிவு செய்தேன். அன்று ராத்திரி போட்டுக் கேட்டேன். எனக்கு அழுகையே வந்து விட்டது.

பாட்டுக்கு முன்னால் கேட்டது லேப்டாப்பின் மூச்சு. அதற்கு ஒன்பது வயசு. உள்ளே இருக்கும் சின்னக் காற்றாடி உஸ் உஸ் என்று பாட்டு முழுவதும் இரைந்து கொண்டிருந்தது. அதற்கடியில் 'ங்' என்று ஒரு ரீங்காரம். இதெல்லாம் போகட்டும். நடுநடுவே பட் பட் என்று வெடிப்பு. இரண்டு இடத்தில் பாட்டே அறுந்து போயிருந்தது. அதில் ஓர் இடம் சரியாக நாலாவது மாமன் வருகிற இடம். எந்த ஊர், என்ன சீர் என்பது போய் விட்டது.

மறுநாள் அமுச்சியிடம் கேட்டேன். "பாடினாத்தான் கண்ணு வரும். கேட்டா வராது" என்றாள். அம்மாவுக்கும் தெரியவில்லை. தொட்டிலில் கிடந்தவளுக்கு எப்படித் தெரியும்? "அப்போ பாடுங்க அமுச்சி" என்றேன். அவள் லேப்டாப்பை ஒரு பார்வை பார்த்தாள்.

"ஏங் கண்ணு, இந்தப் பொட்டிக்கு இளைப்பா? இப்படி மூச்சு வாங்குது. இதுகிட்டக்க உக்காந்து பாடறதுக்கு எனக்கு ஒரு மாதிரியா இருக்குது. முதல்ல அதுக்கு வைத்தியம் பாரு."

அமுச்சிக்கும் வைத்தியம் பார்க்க வேண்டிய வயசுதான். அண்மையில் எடுத்த சொல்லை முடிக்காமல் பாதியில் நிறுத்துகிறாள். என் பெண்ணை என் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள். நாலாவது மாமன் எத்தனை நாளைக்கு அவளுக்குள் பத்திரமாக இருப்பார்? அதனால்தான் சீட்டுப் பணத்தில் கை வைத்தேன்.

'செல்போனில் பதிந்தால் போயிற்று, இதற்கு எழுபதாயிரமா?' என்று சில சகோதரிகள் கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்விதான். உங்கள் வீட்டிலும் பாடுகிற பாட்டி இருந்தால் இந்தப் பக்கத்தை மூடி வைத்து விட்டு, இன்றைக்கே செல்போனில் பதிந்து விடுங்கள். கையில் இருப்பதுதான் முதல் கருவி. ஆனால் செல்போன் பேச்சுக்காகச் செய்தது. குரல் உயர்ந்தால் அது தானாகவே தணிக்கும். தணிந்தால் ஏற்றும். நீட்டி இழுக்கிற ராகத்தை இரைச்சல் என்று நினைத்துச் சில சமயம் நறுக்கியும் விடும். பாட்டின் ஏற்ற இறக்கத்தைத் தட்டிச் சமன் செய்து கொடுப்பது அதன் சுபாவம்.

இனி கடைக்குப் போன கதை. கூட வந்தவன் என் சித்தி மகன். பொறியியல் கல்லூரியில் படிக்கிறான். கம்ப்யூட்டர் விளையாட்டில் சூரன். காந்திபுரத்தில் ஒரு கடையில் நுழைந்ததும் அவன் ஒரு பெட்டியைக் காட்டினான். நாலு பக்கமும் கண்ணாடி. உள்ளே ஆறு காற்றாடிகள். ஒவ்வொன்றிலும் சிவப்பு, பச்சை, ஊதா என்று விளக்குகள் மாறி மாறி எரிந்தன. கோனியம்மன் தேர்த் திருவிழாவே ஒரு பெட்டிக்குள் அடங்கி விட்டது போல் இருந்தது.

"அக்கா, இதுல பெரிய கிராபிக்ஸ் கார்டு போட்டா அடிச்சுக்க ஆளே கிடையாது!" என்றான்.

"அது எதுக்குடா?"

"படம் தத்ரூபமா வரும்."

"அமுச்சி பாடத்தானே போறாங்க? படத்துல நடிக்கப் போறாங்களா?"

கடைக்காரர் சிரித்து விட்டார். நடுத்தர வயசு மனிதர், நிதானமானவர். "ஏனுங்க அக்கா, உங்களுக்கு வேணுங்கறது என்னன்னு மட்டும் சொல்லுங்க" என்றார்.

"சத்தம் போடாத கம்ப்யூட்டர் வேணும்" என்றேன்.

அவர் ஒரு நிமிஷம் யோசித்தார். "எல்லாரும் வேகம் கேப்பாங்க, விளக்குக் கேப்பாங்க. சத்தம் வேண்டாம்னு கேக்கறவங்க குறைச்சலுங்க" என்று சொல்லி, ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். அடுத்த ஒரு மணி நேரத்தில் நான் படித்த பாடத்தை என் பாஷையில் சொல்கிறேன்.

குரலைப் பதிவு செய்வதற்குப் பிரமாதமான மூளை தேவையில்லை. அறுபது எழுபது வாத்தியங்களை ஒன்றாக அடுக்கி இசையமைக்கிறவர்களுக்குத்தான் உசந்த பிராசஸர் வேண்டும். ஒரு பாட்டி, ஒரு தாலாட்டு என்றால் இன்டெல் கோர் ஐ5, ஏ.எம்.டி. ரைசன் 5 போன்ற நடுத்தர ரகமே தாராளம். படம் காட்டும் சக்தி பிராசஸருக்குள்ளேயே இருக்கிற ரகமாகப் பார்த்து வாங்க வேண்டும். இன்டெல்லில் பெயரின் கடைசியில் 'எஃப்' என்ற எழுத்து இருந்தால் அந்தச் சக்தி அதில் கிடையாது. எழுத்து ஒன்றுதான், ஆனால் தனியாக கிராபிக்ஸ் கார்டு வாங்க வைத்து விடும். அந்தக் கார்டுக்கு விலை உண்டு, சூடு உண்டு, சூட்டைத் தணிக்க இன்னும் இரண்டு மூன்று காற்றாடி உண்டு. நமக்கோ காற்றாடிதான் சத்துரு!

ஞாபக சக்தி, அதாவது ராம், 16 ஜி.பி. போதும் என்றார். வீணை, மிருதங்கம் என்று வாத்தியங்களின் ஒலியையே கம்ப்யூட்டருக்குள் ஏற்றி வாசிக்க ஆசைப்பட்டால் 32 வேண்டுமாம். பின்னால் சேர்த்துக் கொள்ள ஓர் இடம் காலியாக விட்டு வைக்கச் சொன்னேன். சம்சாரிக்கு எப்போதும் ஒரு காலி அலமாரி தேவை அல்லவா?

பாட்டைச் சேமித்து வைக்க எஸ்.எஸ்.டி. பழைய ஹார்டு டிஸ்க்கில் தட்டு ஒன்று சுற்றிக் கொண்டே இருக்கும். என் லேப்டாப்பில் கொறகொறத்தது அதுதான். எஸ்.எஸ்.டி.யில் அசைகிற பாகமே கிடையாது. எவ்வளவு இடம் வேண்டும்? விநாடிக்கு 48,000 தடவை குரலை அளந்து, ஒவ்வோர் அளவையும் 24 பிட்டில் எழுதினால், ஒரு மணி நேரப் பாட்டுக்கு ஏறக்குறைய 520 எம்.பி. ஆகும். 500 ஜி.பி. எஸ்.எஸ்.டி. வாங்கினால், மற்ற விஷயங்களுக்குப் பாதியை ஒதுக்கினாலும், நானூறு மணி நேரத்துக்கு மேல் அமுச்சி பாடலாம்.

"அத்தனை பாட்டு எனக்குத் தெரியாது சாமி" என்றாள் அமுச்சி, பிறகு கேட்டு விட்டு.

காற்றாடி விஷயத்தில் ஓர் அபூர்வ சங்கதி தெரிந்து கொண்டேன். சின்னக் காற்றாடி வேகமாகச் சுற்றினால் கீச்சிடும். பெரிய காற்றாடி மெதுவாகச் சுற்றி அதே அளவு காற்றைத் தள்ளும், சத்தம் குறைவு. ஆகவே இடம் விசாலமான கேபினட், 120 அல்லது 140 மில்லிமீட்டர் அளவில் இரண்டு காற்றாடி, பிராசஸருக்கு மேல் பெரிய உலோகக் குளிர்விப்பான். பவர் சப்ளையில் மாத்திரம் மலிவு பார்க்கக் கூடாது என்று கடைக்காரர் கண்டிப்பாகச் சொன்னார். மலிவான சரக்கு தானும் இரையும், மின்சாரத்தின் அழுக்கை மற்ற பாகங்களுக்கும் அனுப்பும். மானிட்டர் புதிதாக வாங்கவில்லை. பழையது ஒன்று பரணில் தூங்கிக் கொண்டிருந்தது.

இதற்கே சீட்டுப் பணத்தில் பாதிக்குச் சற்று மேல் போயிற்று. மிச்சம் எதற்கு என்கிறீர்களா? சித்தி மகனுக்கும் எனக்கும் சண்டை வந்தது இதில்தான். "கம்ப்யூட்டருக்குப் போட்டது போக மிச்சத்துல மைக் வாங்கிக்கலாம்" என்பது அவன் கட்சி. யோசித்துப் பார்த்தால் அது தலைகீழ். பாட்டு முதலில் விழுவது மைக்கில். அங்கே கெட்டுப் போனதை எந்தக் கம்ப்யூட்டராலும் திருத்த முடியாது. பால் திரிந்த பிறகு வெள்ளிப் பாத்திரத்தில் ஊற்றி என்ன பிரயோஜனம்?

மைக்குக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே ஆடியோ இன்டர்பேஸ் என்று ஒரு சின்னப் பெட்டி வேண்டும். மைக்கிலிருந்து வரும் மெல்லிய மின்சாரத்தைப் பெருக்கி, எண்களாக மாற்றி, யு.எஸ்.பி. வழியாகக் கம்ப்யூட்டருக்குக் கொடுப்பது அதன் வேலை. கம்ப்யூட்டரிலேயே மைக் சொருகத் துவாரம் இருக்கிறதே என்றால், அது பேச்சுக்கு ஆகும், பாட்டுக்கு ஆகாது.

பாட்டு ஏன் அறுந்து போயிற்று என்பதும் அப்போதுதான் விளங்கியது. சிறுவாணித் தண்ணீர் வருகிற குழாயடியை நினைத்துக் கொள்ளுங்கள். குழாய் நிற்காமல் ஓடுகிறது. அடியில் குடம். குடம் நிறைந்ததும் எடுத்து விட்டு அடுத்த குடத்தை வைக்க வேண்டும். குடம் சின்னதாக இருந்தால் ஓடி ஓடி மாற்ற வேண்டும். நடுவில் பக்கத்து வீட்டுக்காரியோடு ஒரு வார்த்தை பேசித் திரும்பினால் தண்ணீர் வழிந்து வீணாகும். கம்ப்யூட்டரும் இப்படித்தான் ஒலியைக் குடம் குடமாகப் பிடிக்கிறது. அந்தக் குடத்துக்குப் பெயர் பஃபர். என் லேப்டாப் அன்று பாட்டுப் பிடிக்கிற நேரத்தில் இணையத்தோடும் அப்டேட்டோடும் வம்பளந்து கொண்டிருந்தது. நாலாவது மாமன் வழிந்து போனார்!

அப்படியானால் பெரிய குடமாக வைத்து விடலாமே? வைக்கலாம். ஆனால் குடம் நிறைகிற வரையில் காத்திருக்க வேண்டும். பாடுகிறவர் தன் குரலை ஹெட்போனில் கேட்டுக் கொண்டே பாடினால் அது தாமதமாக வந்து குழப்பும். 128 அளவுள்ள குடத்தில் தாமதம் மூன்று மில்லி விநாடிக்கும் குறைவு. மூன்றடி தள்ளி நிற்பவர் பேச்சு நம் காதுக்கு வந்து சேர ஆகிற நேரம். 1,024 என்றால் இருபத்தொரு மில்லி விநாடி. அமுச்சி ஹெட்போன் மாட்டிக் கொள்ளப் போவதில்லை. காதில் தோடு இருக்கிறதே! ஆகவே எங்களுக்குப் பெரிய குடமே போதுமென்று தீர்மானித்தோம். பதிவு செய்யும்போது இணையத்தைத் துண்டித்து விடுவது என்றும் தீர்மானம் ஆயிற்று.

மைக்கை இரண்டு ரகத்தில் சோதித்துப் பார்த்தோம். சித்தி மகனின் சிநேகிதர்கள் இரவல் கொடுத்தார்கள். ஒன்று கண்டென்ஸர். இன்டர்பேஸிலிருந்து 48 வோல்ட் மின்சாரம் கொடுத்தால்தான் வேலை செய்யும். அதன் காது வெகு கூர்மை. அமுச்சியின் குரலோடு பக்கத்து வீட்டுக் குக்கர் விசில், திருச்சி ரோட்டு ஹாரன், அமுச்சி வெற்றிலை மெல்லுகிற ஓசை எல்லாவற்றையும் பிடித்துக் கொண்டு வந்தது. மற்றது டைனமிக் ரகம். அது கிட்டே இருப்பதை மட்டும் கேட்கும், எட்ட இருப்பதைப் பொருட்படுத்தாது. கூட்டுக் குடும்பத்தில் வாழக் கற்றுக் கொண்ட மருமகளைப் போல என்று வைத்துக் கொள்ளுங்களேன். நிசப்தமான ஸ்டூடியோவுக்கு முதலாவது, சிங்காநல்லூருக்கு இரண்டாவது. அதையே வாங்கினோம்.

ஸ்டூடியோ என்றதும் ஞாபகம் வருகிறது. எங்கள் சிங்காநல்லூரிலேயே ஒரு காலத்தில் சென்ட்ரல் ஸ்டூடியோ இருந்தது. 1944-ல் வந்த 'ஹரிதாஸ்' அங்கேதான் உருவாயிற்று. எம். ஜி. ஆர். முதன் முதலில் கதாநாயகனாக நடித்து 1947-ல் வெளிவந்த 'ராஜகுமாரி'யும் அங்கே எடுத்ததுதான். பேசும் படம் வந்த புதிதில் உலகெங்கும் படம் பிடித்தவர்களுக்கு இருந்த தலைவலியும் என் தலைவலிதான். காமிரா கடகடவென்று ஓடும். அந்தச் சத்தம் மைக்கில் விழும். காமிராவையே பெட்டிக்குள் போட்டு மூடினார்கள். யந்திரத்தின் வாயை மூடினால்தான் மனுஷன் வாயைத் திறக்கலாம் என்பது அப்போதே கண்டுபிடித்த பாடம்.

யந்திரம் வீட்டுக்கு வந்தது. பூட்டி முடித்துப் பதிவு செய்து பார்த்தோம். காற்றாடிச் சத்தம் ஏறக்குறைய இல்லை. ஆனால் அந்த 'ங்' என்ற ரீங்காரம் மாத்திரம் அப்படியே இருந்தது! கேபினட்டைத் தொட்டால் விரலில் சுருக்கென்றது. எலெக்ட்ரீஷியனை அழைத்தோம். அவர் சுவர்ப் பிளக்கைக் கழற்றிப் பார்த்து விட்டுச் சிரித்தார். "மூணாவது ஓட்டை வெறும் ஓட்டைதானுங்க. உள்ளே ஒயரே வரலை" என்றார். வீடு கட்டிய நாளிலிருந்து எர்த் இல்லாமல்தான் காலம் தள்ளியிருக்கிறோம். நம் நாட்டு மின்சாரம் விநாடிக்கு ஐம்பது தடவை துடிக்கிறது. அந்தத் துடிப்பு தரையில் இறங்க வழியில்லாமல் பாட்டுக்குள் இறங்கியிருக்கிறது. எர்த் கொடுத்ததும் ரீங்காரம் போயிற்று. அமுச்சியின் பாட்டால் எங்கள் உயிருக்கும் ஒரு பந்தோபஸ்து கிடைத்தது என்று வைத்துக் கொள்ளுங்கள்.

கடைசியாக அறை. இதற்குக் காலணாச் செலவில்லை. வெறும் சிமெண்டுச் சுவர் குரலைத் திருப்பி அடிக்கும். மெத்தை, துணி, அரிசி மூட்டை எல்லாம் குரலை விழுங்கும். எங்கள் வீட்டில் இவை அனைத்தும் இருக்கிற இடம் சாமான் அறை. அதுதான் ஸ்டூடியோ. வெறுமையாக இருந்த ஒரு சுவரில் பவானி ஜமக்காளம் ஒன்றை ஆணியடித்துத் தொங்க விட்டார் என் கணவர். பாட்டில் வருகிற இரண்டாவது மாமன் முன்கூட்டியே வந்து சீரை வைத்து விட்டார்! மைக் கேபிள் பத்து மீட்டர் நீளம். அதை எவ்வளவு நீட்டினாலும் பாதகமில்லை. யு.எஸ்.பி. கேபிளைத்தான் நீட்டக் கூடாது. ஆகவே கம்ப்யூட்டரும் இன்டர்பேஸும் கூடத்தில், மைக் மாத்திரம் கதவிடுக்கு வழியாகச் சாமான் அறைக்குள்.

இதையெல்லாம் செய்து முடித்த பிறகு எனக்கு ஓர் உண்மை உறைத்தது. கம்ப்யூட்டரை அடுத்த அறைக்குத் தள்ளுவதும், பிளக்குக்கு எர்த் கொடுப்பதும், இணையத்தைத் துண்டிப்பதும் பழைய லேப்டாப் இருந்தபோதே செய்திருக்கக் கூடியவை. இனி செலவு செய்யப் போகிறவர்கள் முதலில் இந்த மூன்றையும் செய்து பாருங்கள். அதன் பிறகும் குறை இருந்தால் மைக், அப்புறம் இன்டர்பேஸ், கடைசியில்தான் கம்ப்யூட்டர். நான் போன வழி நேர் எதிர் வழி. இதை என் கணவரிடம் சொல்லவில்லை. இதழ் வந்த பிறகு படித்துக் கொள்வார்.

பதிவுக்கு நாள் குறித்தோம். சித்திரை மாசத்து ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் மூன்று மணி. கறிக்குழம்புச் சாப்பாடு முடிந்து ஊரே உறங்குகிற நேரம். கிரைண்டர் இல்லை; மோட்டார் இல்லை. பிரிஜ்ஜை நிறுத்தினோம். மின்விசிறியையும் நிறுத்தினோம். அமுச்சி அரிசி மூட்டையில் சாய்ந்து உட்கார்ந்தாள். தொட்டில் கயிறு கையில் இருந்தால்தான் அவளுக்குப் பாட்டு வரும். ஆகவே என் பெண்ணின் தொட்டிலை விட்டத்தில் கட்டினோம். கயிற்றை நீளமாக விட்டதால் கை மட்டும் அசைந்தது, தலை அசையவில்லை. வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் மைக். நான் கூடத்தில் ஹெட்போனோடு உட்கார்ந்தேன்.

"பொட்டி எங்க கண்ணு?"

"அடுத்த ரூம்ல அமுச்சி."

"மூச்சு வாங்கலையா?"

"இல்லீங்க."

"அப்பச் செரி."

பாடினாள். எழுபத்தொன்பது வயசுக் குரல் ஹெட்போனுக்குள் என் காதருகே வந்து உட்கார்ந்து கொண்டது. தொட்டில் சங்கிலி கிறீச்சிட்டது. காங்கயத்துக் காளைக் கன்று வந்தது. பவானி ஜமக்காளம் வந்தது. ஊத்துக்குளி வெண்ணெய் வந்தது.

அப்புறம் ஒன்றும் வரவில்லை.

மறுபடியும் அறுந்து விட்டதோ என்று எனக்கு நெஞ்சு திக்கென்றது. திரையைப் பார்த்தேன், கோடு ஓடிக் கொண்டுதான் இருந்தது. ஹெட்போனை அழுத்திக் கொண்டேன். நிசப்தம். அந்த நிசப்தத்துக்குள் மெல்லியதாக ஒரு மூச்சு, எச்சில் விழுங்குகிற ஓசை, வளையல் ஒன்றோடொன்று உரசுகிற ஓசை. அப்புறம் குரல் வந்தது, முன்னைவிடத் தாழ்ந்து. நாலாவது மாமன் வால்பாறை மலையிறங்கி வருகிறார். மருமகளுக்கு மலைத்தேன் கொண்டு வருகிறார்.

பாட்டு முடிந்து தூளியில் குழந்தையும் தூங்கிய பிறகு கேட்டேன். அந்த நாலாவது மாமன் அமுச்சியின் கடைசித் தம்பி. இருபது வயசில் எஸ்டேட் வேலைக்கு வால்பாறைக்குப் போனவர். காய்ச்சல் கண்டு அங்கேயே போய் விட்டார். பாட்டு கட்டினது அதற்கு முன்னால். பிற்பாடு அவருடைய அடியை எடுத்து விடலாம் என்று யாரோ சொன்னார்களாம். அமுச்சியின் தாயார் சம்மதிக்கவில்லை. "பாட்டுலயாவது எறங்கி வரட்டும்" என்றாளாம். அது முதல் அந்த இடத்தில் தாயார் நிறுத்துவாள். தாயாரைப் பார்த்து அமுச்சியும் நிறுத்துகிறாள்.

தொட்டில் போட்ட அன்றும் அவள் அங்கே நிறுத்தித்தான் இருப்பாள். லேப்டாப்பின் இரைச்சலில் அது எனக்குக் கேட்கவே இல்லை.

சித்தி மகன் பதிவை ஆராய்ந்து கொண்டிருந்தான். "அக்கா, பிரமாதம்! ஆனா இந்த இடத்துல நாலு விநாடி காலியா இருக்குது. வெட்டி எடுத்துரட்டுமா?" என்றான்.

"அதுல மட்டும் கை வெக்காதே. எழுபதாயிரம் போட்டு வாங்கினதே அந்த நாலு விநாடிதான்" என்றேன்.

அவன் புரியாமல் என்னைப் பார்த்தான். ஹெட்போனைக் கொடுத்துக் கேட்கச் சொன்னேன். கேட்டு விட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு தானாகவே இரண்டு பிரதி எடுத்தான். ஒன்று எங்கள் வீட்டுக்கு, ஒன்று அவன் அம்மா வீட்டுக்கு. ஒரே பெட்டியில் வைத்தது ஒன்றுமே வைக்காததற்குச் சமம் என்று கடைக்காரர் சொன்னதை அவன் மறக்கவில்லை.

அமுச்சிக்கும் போட்டுக் காட்டினோம். ஹெட்போனைத் தோட்டில் படாமல் கையில் பிடித்துக் காதோரம் வைத்துக் கொண்டு, கண்ணை மூடி, கடைசி வரையில் கேட்டாள். நான் அவள் முகத்தையே பார்த்துக் கொண்டிருந்தேன். என்ன சொல்லப் போகிறாளோ என்று எனக்கு ஒரே படபடப்பு.

"எங்காத்தா பாடற மாதரயே இருக்குது" என்றாள். ஹெட்போனைக் கீழே வைத்து முந்தானையால் கழுத்தைத் துடைத்துக் கொண்டாள்.

"எல்லாம் ஆச்சா? அப்ப அந்தக் காத்தாடியைப் போடு சாமி. வெந்து போச்சு!"